காலிப்பரில் இருக்கும் கால் எது?

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் பாலிடெக்னிக் கண்காட்சியில் அளவுக் கருவிகளுக்கென்று ஒரு மேசை போடுகிறோம். விட்டம் அளக்கும் கருவிக்கு வழங்கும் ‘காலிப்பர்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘கால்’ என்பதிலிருந்து போனது என்று பலகையில் எழுதலாமா? கருவிக்கு இரண்டு கால் இருக்கிறது, பெயரிலும் கால் இருக்கிறது. போலியோ வந்த என் மாமா காலில் மாட்டிக்கொள்வதையும் காலிப்பர் என்றுதான் சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?"

எழுத வேண்டாம், தம்பி. அந்தச் சொல்லில் தமிழ்க் கால் இல்லை. ஆனால் வேறொரு கால் இருக்கிறது. அது சொல்லின் தலையில் இல்லை, வாலில் இருக்கிறது. அதைப் பார்க்கப் பழைய ஏதென்ஸ் நகரத்தில் செருப்புத் தைத்தவரின் கடை வரைக்கும் போக வேண்டும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையில் லேத்தில் நின்று தொழில் பழகியவன் நான். பிறகு பல வருடங்கள் ஃபிட்டர், டர்னர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். அந்த வகுப்புகளில் நீங்கள் சொல்லும் இதே விளக்கத்தை நானும் சொல்லியிருக்கிறேன். இரும்புக் காலிப்பரை மேசையில் நிறுத்தி, "பாருங்கள், இரண்டு கால், அதனால்தான் காலிப்பர்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பெயரும் மனதில் நிற்கும். ஒருநாள் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். "கால் சரி சார், ‘இப்பர்’ என்றால் என்ன?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலைதான் அகராதியைப் புரட்டத் தொடங்கினேன்.

அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. சொல்லின் முன்பாதியை மட்டும் விளக்கிவிட்டுப் பின்பாதியை அந்தரத்தில் விடும் எந்த வேர்ச்சொல் கதையையும் நம்பாதீர்கள். இன்னொன்று, ஒரு சொல் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட எந்த வழியாக வந்தது என்பதுதான் முக்கியம். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தத் தொழில்காரர் வாயில் அது முதலில் இருந்தது என்று தேட வேண்டும்.

வழியைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இந்தக் கருவியின் பெயர் முதலில் தனிச்சொல்லாக வரவில்லை. 1580களில் ‘காலிப்பர் காம்பஸ்’ என்று இரட்டைச் சொல்லாகத்தான் வந்தது. காம்பஸ் என்றால் உங்கள் கணிதப் பெட்டியில் இருக்கும் கவராயம். அதாவது, இரண்டு கால் உள்ள கருவி என்ற பொருளை ‘காம்பஸ்’ என்ற பாதியே சுமந்துவிட்டது. ‘காலிப்பர்’ என்ற பாதி, அந்தக் கவராயம் எதை அளக்கிறது என்பதைச் சொல்ல வந்தது. அது அளந்தது ‘காலிபர்’. பீரங்கிக் குழாயின் உள்விட்டத்துக்கும் அதில் போடும் குண்டின் விட்டத்துக்கும் பெயர் அது. இன்றும் போலீஸ் செய்திகளில் துப்பாக்கிக்கு முன்னால் வருகிறதே, அதே காலிபர்தான். நாளடைவில் காம்பஸ் உதிர்ந்துவிட்டது, காலிப்பர் மட்டும் நின்றுவிட்டது. நாம் செல்போனைச் ‘செல்’ என்று நிறுத்திக்கொண்டதைப் போல.

பீரங்கிக்காரருக்கு இந்தக் கருவி எதற்கு என்று தெரிந்தால் கதை இன்னும் தெளியும். குண்டு குழாய்க்குச் சற்றே சிறியதாக இருக்க வேண்டும். மிகவும் சிறுத்தால் வெடிமருந்தின் வேகம் இடுக்கு வழியே வீணாகப் போய்விடும். இறுக்கமாக இருந்தால் குண்டு சிக்கிக்கொண்டு குழாயே வெடிக்கும், பக்கத்தில் நிற்பவன் பிழைக்க மாட்டான். ஆகவே கால்கள் வெளிப்பக்கம் வளைந்த கருவியால் குண்டைக் கவ்விப் பார்ப்பார்கள். பாதம் வெளியே திரும்பிய கால்களைக் குழாய்க்குள் விட்டு விரித்துப் பார்ப்பார்கள். இன்று லேத் பட்டறையில் நாம் அவுட்சைடு காலிப்பர், இன்சைடு காலிப்பர் என்று பிரிக்கிறோமே, அதே வேலைதான்.

பித்தளையில் செய்த அந்தப் பழைய பீரங்கிக் காலிப்பர்களின் மேல் அட்டவணை பொறித்திருப்பார்கள். விட்டம் இத்தனை அங்குலம் என்றால் எடை இத்தனை பவுண்டு என்று. நாலு அங்குல விட்டமுள்ள இரும்புக் குண்டு 9 பவுண்டு என்பது அந்தக் காலத்துக் கணக்கு. விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு, ஆகவே எட்டு அங்குலக் குண்டு 72 பவுண்டு. தராசு இல்லாமலே எடை கண்டுபிடிக்கும் வித்தை.

இது நம் ஊருக்குப் புறம்பான சங்கதி என்று நினைக்காதீர்கள். யூசுப்கான் என்ற மருதநாயகம் மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு கம்பெனிப் படையையும் நவாபின் படையையும் 1763இலும் 1764இலும் எதிர்த்து நின்றபோது, இந்த மதில்களின் மேல் இரும்புக் குண்டுகள் விழுந்தன. அவரைச் சண்டையில் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். அந்த முற்றுகையில் வெளியே நின்ற பீரங்கிக்காரர்களின் பையில் காலிப்பர் இருந்திருக்க வேண்டும், அது இல்லாமல் அவர்கள் தொழில் நடக்காது. அந்தக் கோட்டை மதிலைப் பிறகு 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அப்படிப் பிறந்தவைதான் இன்றைய வெளி வீதிகள். அந்த வேலையை நடத்தியவர்களின் பெயர்கள்தான் மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் நிற்கின்றன. சரி, பேச்சு எங்கோ போகிறது.

காலிபர் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் அது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்படுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது அரபுச் சொல், ‘காலிப்’. பொருள் அச்சு, வார்ப்பு, வார்ப்படத்தின் கூடு. ஈயத்தை உருக்கி ஊற்றிக் குண்டு வார்க்கும் அச்சு எவ்வளவு அகலமோ, குண்டும் அவ்வளவு. அச்சின் பெயர் அகலத்துக்கு ஆகி, அகலத்தின் பெயர் அளக்கும் கருவிக்கு ஆனது. இந்த அரபு வழியைத்தான் பெரும்பாலான அகராதிகள் தருகின்றன. 

ஆனால் அரபியிலும் அது சொந்தச் சொல் இல்லை. கிரேக்கத்தில் ‘காலபூஸ்’ என்று ஒரு சொல். ‘கால’ என்ற பகுதிக்குப் பொருள் மரம். ‘பூஸ்’ என்றால் பாதம், கால். ஆக்டோபஸ் என்று எட்டுக்கால் பிராணியைச் சொல்கிறோமே, அதன் கடைசியில் நிற்பதும் இதே பூஸ்தான். சமஸ்கிருதப் ‘பாதம்’ இதன் ஒன்றுவிட்ட சகோதரன். ஆக காலபூஸ் என்றால் மரத்தால் செய்த பாதம். செருப்புத் தைப்பவர் தோலை இழுத்துப் போர்த்தி, ஆணியடித்து, வடிவம் கொண்டுவருவதற்கு வைத்துக்கொள்ளும் மரக்கட்டை. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் இந்தச் சொல் வருகிறது. மனிதர்கள் ஆதியில் இரட்டையாக ஒட்டிப் பிறந்தவர்களாம், கடவுள் அவர்களை இரண்டாக வெட்டினாராம். வெட்டிய இடத்துத் தோலை இழுத்து, செருப்புத் தைப்பவர் கட்டையின் மேல் தோலின் சுருக்கத்தை நீவுவது போல நீவிவிட்டாராம் அப்பல்லோ என்ற இன்னொரு கடவுள். அந்தக் கட்டைதான் நம் கருவியின் கொள்ளுப்பாட்டன்.

இப்போது விளையாட்டைக் கவனியுங்கள். கிரேக்கச் சொல்லின் ‘கால’ நம் காதில் காலாக விழுகிறது, ஆனால் அது மரம். உண்மையான கால் ‘பூஸ்’. அரபியில் ‘ப்’ என்ற வல்லொலி கிடையாது, ஆகவே அது மெலிந்த ஒலியானது. பிரெஞ்சும் அந்த மெலிந்த ஒலியையே வைத்துக்கொண்டது. ஆங்கிலக் கருவியின் பெயரில் மறுபடி வல்லொலி திரும்பிவிட்டது, தற்செயலாகத்தான். காலிப்பரில் கால் எங்கே என்று யாராவது கேட்டால் நடுவில் நிற்கும் ‘ப்’ என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள். மிச்சமிருப்பது அவ்வளவுதான்.

இதே சொல் இந்தியாவுக்கு இன்னொரு வழியிலும் நடந்தே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தியில் செருப்புத் தைக்கும் கட்டைக்கு ‘கல்பூத்’ என்று பெயர். பாரசீகத்தில் கூடு, அச்சு, உடல் என்ற பொருள்களில் வழங்கும் ‘கால்புத்’ அதன் மூலம். அதுவும் இதே கிரேக்கக் கட்டையின் பிள்ளை என்பார்கள். தரைவழியாக வந்தவன் செருப்புக் கடையிலேயே தங்கிவிட்டான். கடல்வழியாகக் கப்பலேறி வந்தவன் பட்டறைக்குள் நுழைந்து காலிப்பர் ஆனான். இரண்டு பேரும் ஒரே வீதியில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள்.

காலபூஸைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் என்ன வரும்? மரக்கால். நம்மிடம் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் ஓர் அளவாக! பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நெல் அளந்த ஊர் நமது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்று பெயர் வைத்த மரக்காலால் நெல்லை அளந்து கணக்குச் சொல்கின்றன. இன்னொரு பொருளில், காலுக்குக் கீழே மரக்கட்டை கட்டி ஆடுவது மரக்காலாட்டம். அவுணர்களின் வஞ்சத்தை மிதித்துத் துவைக்கக் கொற்றவை மரக்கால் மேல் நின்று ஆடினாள் என்று சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் வேட்டுவர்கள் பாடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் டீ குடித்துத் தெளிந்த பிறகுதான், இதுவும் வெறும் பொருத்தம் என்று மனதை ஆற்றிக்கொண்டேன். மரக்கால் கிரேக்கத்துக்குப் போகவும் இல்லை, அங்கிருந்து வரவும் இல்லை. ஒலி ஒத்துப்போவது சான்றாகாது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு, பொருள் ஒத்துப்போவதை நான் சான்றாகப் பிடித்துக்கொண்டால் நியாயமா?

இந்தச் சபலம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. ஐரோப்பாவிலும் ஒரு சாரார் காலிபரை லத்தீனுக்குள் இழுத்தார்கள். ‘க்வா லிப்ரா’, அதாவது ‘என்ன எடை’ என்பதுதான் திரிந்து காலிபர் ஆனது என்றார்கள். பீரங்கிகளை எடையால் பெயரிட்டு அழைத்த காலம், கருவியின் மேலேயே எடைப் பட்டியல் பொறித்திருக்கிறது. கேட்பவர் தலையாட்டத்தான் செய்வார். என் கணக்கில் இது உங்கள் ‘கால்’ கதையைவிடக் கெட்டிக்காரத்தனமான கதை. ஆனாலும் கதைதான். அரபியில் காலிப் என்ற சொல்லை ‘திருப்புதல்’ என்ற பொருளுள்ள உள்ளூர் வேரோடு சேர்த்துப் பார்ப்பதும் அங்கே சுலபம், அச்சைக் கவிழ்த்துத்தானே பொருளை எடுக்கிறோம். அவரவர் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் தேடினால் அவரவர் வீட்டுச் சாமான்தான் கண்ணில் படும்.

பட்டறைப் பாஷையில் சொன்னால் இது சுழிப்பிழை. நான் தொழில் பழகிய முதல் வருடம், ஓர் இடத்தில் கொடுத்த வெர்னியரை, அதாவது நகரும் அளவுகோல் உள்ள காலிப்பரை, சோதிக்காமல் வைத்துக்கொண்டு துளைக்குள் பொருத்தும் நாற்பது புஷ் கடைந்தேன். தாடைகள் இரண்டும் ஒட்டியிருக்கும்போதே அது இரண்டு கோடு தள்ளிக் காட்டியது. நாற்பதும் ஒரே அளவு, துளி வித்தியாசம் இல்லை, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பழைய இரும்புக்குப் போட்டார்கள். என் ‘கால்’ விளக்கமும் அப்படித்தான் எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, தொடக்கமே தள்ளியிருந்தது தெரியாமல்.

வெர்னியர் என்றதும் நினைவு வருகிறது, பலகையில் அதையும் தவறாக எழுதிவிடாதீர்கள். வெர்னியர் என்பது ஆளின் பெயர். பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சு மொழிக்காரர், 1631இல் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட நூலில் அந்த நகரும் அளவுகோலை விளக்கினார். ஆனால் அவர் அதைச் செய்தது கோணம் அளக்கும் கருவிக்காக, காலிப்பருக்காக அல்ல. அவருக்கு முன்பு போர்ச்சுகலின் பெத்ரோ நூனஸ் 1542இல் இன்னொரு வழி சொல்லியிருந்தார், அதனால் சில நாடுகளில் நம் வெர்னியரை இன்றும் ‘நோனியஸ்’ என்கிறார்கள். இரண்டும் ஒட்டிய வெர்னியர் காலிப்பர் பட்டறைக்காரர் கைக்குச் சாதாரணமாக வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1851இல் அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் அதைத் தயாரிக்கத் தொடங்கினார். கருவியோ பெயரைவிட மிகப் பழையது. சீனாவில் கி.பி. 9ஆம் ஆண்டு பொறிப்போடு வெண்கலத்தில் நகரும் தாடையுள்ள காலிப்பர் கிடைத்திருக்கிறது.

அளவுக்குள் தமிழ்க் கால் ஒன்று உங்களுக்கு வேண்டுமென்றால், மதுரை குன்னத்தூர் சத்திரத்தில் இப்போது இருக்கும் வளையல் கடைகளுக்குப் போங்கள். புது மண்டபத்திலிருந்து இடம் மாறிய கடைகள். வளையல் அளவை ‘இரண்டு நாலு’, ‘இரண்டு ஆறு’ என்பார்கள். இரண்டு அங்குலத்தோடு பதினாறில் நாலு, பதினாறில் ஆறு என்று கணக்கு. பதினாறில் நாலு என்றால் என்ன? கால். இரண்டு நாலு வளையலின் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம். மில்லிமீட்டரில் 57.15. வெர்னியரின் மேல்தாடையை உள்ளே விட்டு நீங்களே பாருங்கள். கண்ணாடி வளையலை மட்டும் தொடாதீர்கள், உடைந்தால் கடைக்காரர் சும்மா விட மாட்டார்.

தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்கள் இல்லாமல் இல்லை. கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுத்தண்ணி சூப்பாகப் போயிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் வழி தெரியும்: சோழமண்டலக் கரை, அங்கே வியாபாரத்துக்கு வந்தவர்கள், அவர்கள் எழுதிய குறிப்புகள். ‘காசு’ இன்னும் சுவையானது. சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் காசு, போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போனது. கடையில் ரொக்கம் என்ற பொருளில் சொல்லும் ‘கேஷ்’ வேறு சொல், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே ஒலியில், ஒரே கல்லாப்பெட்டியில் சந்தித்துக்கொண்டன. முழுக்க நம்முடையது என்றாலும் பிழை, நம்முடையதே இல்லை என்றாலும் பிழை.

கடைசியாக உங்கள் மாமா. அவர் அணிவதற்குக் காலிப்பர் என்ற பெயர் காலில் அணிவதால் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் என்ற எலும்பு வைத்தியர் செய்த தாங்கியிலிருந்து வளர்ந்தது அது. காலின் இரு புறமும் இரண்டு இரும்புக் கம்பிகள் இறங்கும். கீழ்நுனிகள் உள்நோக்கி மடங்கி இருபுறமும் கவ்வும். பார்வைக்கு அளக்கும் காலிப்பரின் இரண்டு கால்களே. அதனால் அந்தப் பெயர். இந்தியா 2014இல் போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றுவிட்டது, இனி அந்தக் காலிப்பரைப் பார்ப்பது குறையும். ஆனால் மாமாவின் பூட்ஸை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். மடங்கிய கம்பிகளின் நுனி குதிகாலில் துளையிட்ட இடத்துக்குள் போய் நிற்கும். அந்த பூட்ஸைத் தைத்தவர் தோலைக் கால்வடிவக் கட்டையின் மேல் இழுத்துப் போர்த்தித்தான் தைத்திருப்பார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஊர் சுற்றிய சொல், புறப்பட்ட கட்டைக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நிற்கிறது.

பலகைக்கு இவ்வளவு போதும்: "காலிப்பர்: கிரேக்கக் காலபூஸ், செருப்புத் தைக்கும் மரப்பாதம். அரபுக் காலிப், வார்க்கும் அச்சு. பிரெஞ்சுக் காலிபர், குழாயின் விட்டம். ஆங்கிலக் காலிப்பர், விட்டம் அளக்கும் கருவி." பக்கத்தில் ஒரு செருப்புக் கட்டையை வாங்கி வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள்.